கூடத்தில் இருந்த தொலைபேசி

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலையில், மேசைமேல் கிடந்த என் மகளின் கைப்பேசி ஒலித்தது. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த என் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரையில் பச்சை வட்டத்தைக் கண்டுபிடித்து மேலே தள்ளி, "யாரும்மா பேசறது?" என்று கேட்டார். மறுமுனையில் இருந்த பெண் ஏதோ சொன்னாள். அம்மா அவளிடம் நலம் விசாரித்தார், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார், "குளிச்சிட்டு வந்ததும் பேசச் சொல்றேன்" என்று சொல்லி வைத்தார். தலையைத் துவட்டியபடி வெளியே வந்த மகள் விஷயம் தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "பாட்டி, என் ஃபோனை ஏன் எடுத்தீங்க?" என்றாள். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அடிச்சுதும்மா, எடுத்தேன்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியங்களும் பல நாட்கள் என் மனத்தைவிட்டு அகலவில்லை. மணி அடித்தால் அருகில் இருப்பவர் எடுக்க வேண்டும். அதுதான் வீட்டில் இருப்பவரின் கடமை, அழைத்தவருக்குச் செய்யும் மரியாதை. அம்மா அறுபது ஆண்டுகளாக அப்படித்தான் பழகியிருக்கிறார். மகளுக்கோ அது தன் பெயருக்கு வந்த கடிதத்தை வேறொருவர் பிரித்துப் படித்ததற்குச் சமம். இருவர் சொல்வதும் சரிதான் என்பதனால்தான் நடுவில் நின்ற எனக்கு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஒரே கூரையின் கீழ் வாழும் மூன்று தலைமுறைகளுக்கு இடையே தொழில்நுட்பம் எதை மாற்றியிருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், வேகத்தையும் வசதியையும் பற்றிப் பேசுவதற்கு முன் நான் இதைத்தான் சொல்வேன்: முன்பு கருவி வீட்டுக்குச் சொந்தமாக இருந்தது, இப்போது ஆளுக்குச் சொந்தமாகிவிட்டது.

என் சிறுவயதில் தொலைபேசி கூடத்து மூலையில் ஒரு முக்காலியின்மேல் இருந்தது. அதன் கீழ்த்தட்டில் எண்கள் எழுதிய நோட்டும், காணாமல் போகாமலிருக்க நூலில் கட்டிய பென்சிலும் இருக்கும். சுருள் கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் நகர முடியும் என்பதால், பேசுபவர் எல்லாரும் கூடத்தில் நின்றுதான் பேசினார்கள்; கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். என் தோழி அழைத்தால் முதலில் அம்மாவைக் கடந்துதான் என்னிடம் வர வேண்டும். "உங்கம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு? அண்ணனுக்கு வேலை கிடைச்சுதா?" என்று இரண்டு நிமிடம் போகும். அதற்குப் பிறகே ரிசீவர் என் கைக்கு வரும். அந்த இரண்டு நிமிடங்களை அன்று நான் வீண் என்று நினைத்தேன். ஆனால் என் தோழிகள் யார், அவர்களில் யாருடைய குரல் அன்று சற்றுத் தாழ்ந்திருந்தது, யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்தது அந்த வழியாகத்தான். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமலே என் உலகம் முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று என் மகளின் நண்பர்களில் இருவரின் பெயர் எனக்குத் தெரியும். ஒருவரின் குரலும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் கேட்டாக வேண்டும். கேட்டால் அது விசாரணை ஆகிவிடுகிறது.

இதை நான் வெறும் ஏக்கத்தோடு எழுதவில்லை. கூடத்துத் தொலைபேசிக்கு ஒரு கொடிய பக்கமும் இருந்தது, அதை என் அக்காவின் வாழ்க்கையில் பார்த்தேன். திருமணமான பின் அவள் இருந்த வீட்டிலும் தொலைபேசி கூடத்தில்தான் இருந்தது. வாரம் ஒருமுறை பேசுவாள். "நல்லா இருக்கேம்மா" என்பாள். அதற்கு மேல் அவளால் எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவள் யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவர்கள் எல்லாரும் நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அங்கே எவ்வளவு துன்பப்பட்டாள் என்பது எங்களுக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. ரிசீவரை வைத்த பிறகு அம்மா சிறிது நேரம் அந்த முக்காலி அருகிலேயே நிற்பார். மகள் பேசிய சொற்களைவிட இடையில் விட்ட மௌனங்களை அவர் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தனக்கென ஒரு கைப்பேசியும், உள்ளே தாழிட்டுக்கொள்ள ஒரு கதவும் அவளுக்கு அன்று இருந்திருந்தால் அந்த இரண்டு ஆண்டுகள் இரண்டு வாரங்களாகச் சுருங்கியிருக்கும். அதனால், "அந்தக் காலத்தில் குடும்பம் எவ்வளவு நெருக்கமாக இருந்தது" என்று யாராவது சொல்லும்போது என்னால் முழுமனத்தோடு தலையாட்ட முடிவதில்லை.

வீட்டின் கருவி ஆளின் கருவியாக மாறியது ஒரே நாளில் நடந்ததும் அல்ல. 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்றுகொண்டு, கையில் பிடிக்கும் தொலைபேசியிலிருந்து உலகின் முதல் அழைப்பைச் செய்தவர் மோட்டரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர். அந்தக் கருவி ஒரு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. தொலைபேசி எண் என்பது ஒரு வீட்டுக்கோ மேசைக்கோ உரியதாக இல்லாமல் ஒரு மனிதருக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். இன்று அது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அன்றைக்கு அது குடும்பத்தையே வேறு விதமாகப் பார்ப்பது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1979 ஜூலையில், சோனி நிறுவனம் கையோடு எடுத்துப்போய்ப் பாட்டுக் கேட்கும் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்த முதல் மாதிரியில் ஹெட்ஃபோன் செருக இரண்டு துளைகள் இருந்தன. கூடவே ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டின் ஒலி தணியும், கேட்கும் இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம். நிறுவனத் தலைவர் அக்கியோ மொரிட்டா அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று கேட்டுப் பார்த்தபோது, தான் ஒதுக்கப்பட்டதாக அவருடைய மனைவி வருந்தினாராம். ஒருவர் மட்டும் தனியே கேட்பது முறையில்லை என்று கருதித்தான் இருவருக்கு இடம் வைத்தார்கள். ஆனால் வாங்கியவர்கள் ஆளுக்கொன்று வாங்கினார்கள். பின்வந்த மாதிரிகளில் அந்தப் பொத்தான் மறைந்தது, பிறகு இரண்டாவது துளையும் போயிற்று. இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, ஒரே அறையில் நாங்கள் மூவரும் மூன்று ஹெட்ஃபோன்களோடு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்த இரண்டாவது துளை என் நினைவுக்கு வருகிறது.

ஆளுக்கொரு கருவி வந்ததில் எங்கள் வீட்டில் அதிகம் பயனடைந்தவர் அம்மாதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. தன் வாழ்நாளில் அவருக்கு மட்டும் என்று எந்தப் பொருளும் இருந்ததில்லை. அவருடைய அலமாரியில்கூட வீட்டுப் பத்திரங்கள்தான் பாதி இடத்தை அடைத்திருந்தன. இப்போது மதியம் சாப்பிட்ட பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, படுத்தபடியே தன் தங்கையோடு ஒரு மணி நேரம் பேசுகிறார். என்ன பேசுகிறார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. சில நாட்களில் சிரிப்புச் சத்தம் கேட்கும், சில நாட்களில் ஒன்றும் கேட்காது. எழுபத்தெட்டு வயதில் அவருக்கு ஒரு தனிமை வாய்த்திருக்கிறது. அதைப் பறிக்கக்கூடிய எந்தப் பழைய நெருக்கமும் எனக்கு வேண்டாம்.

அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுதுவதென்றால் கூச்சம். எனவே கைப்பேசி வந்த பிறகும் குறுஞ்செய்தி அவருக்கு எட்டாத கனியாகவே இருந்தது. 2013 இல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தபோது நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அம்மாவுக்கு அன்றுதான் கடிதம் எழுதும் கை கிடைத்தது. அவர் அனுப்பும் குரல் செய்தி எப்போதும் என் பெயரைச் சொல்லி அழைப்பதில் தொடங்கும். பிறகு, நான் பதில் சொல்வதற்காகக் காத்திருப்பது போல ஓர் இடைவெளி விடுவார். பதில் வராது என்று தெரியும், ஆனாலும் விடுவார். அதன் பிறகே விஷயம். கடைசியில், "சரி, வச்சிடட்டுமா?" என்று கேட்டு, அதற்கும் கொஞ்சம் பொறுத்துத்தான் விரலை எடுப்பார். இரண்டு வரியில் முடியும் செய்திக்கு அவர் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வது ஆரம்பத்தில் எனக்குப் பொறுமையின்மையைத் தந்தது. இப்போது அந்த இடைவெளிகளுக்காகவே அவற்றை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கற்றுக்கொடுப்பவர் யார், கற்றுக்கொள்பவர் யார் என்பது தலைகீழானது இன்னொரு பெரிய மாற்றம். மூத்தவர்களிடமிருந்து இளையவர் கற்கும் சமூகம், இருசாராரும் தத்தம் வயதொத்தவரிடம் கற்கும் சமூகம், மூத்தவர்களே இளையவர்களிடமிருந்து கற்க வேண்டி வரும் சமூகம் என்று மூன்றைப் பிரித்து, உலகம் மூன்றாவதை நோக்கி நகர்கிறது என்று மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீட் 1970 அளவிலேயே எழுதினார். கைப்பேசி பிறக்காத காலத்தில் எழுதிய அந்தக் கருத்து இன்று ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இதை ஏதோ ஒரு சமூகவியல் மாற்றமாகப் பார்ப்பது எளிது. வாழ்நாள் முழுவதும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தே பழகிய ஒருவர், பேத்தியிடம் போய் "இது என்னன்னு பாரேன்" என்று நிற்கும்போது அவர் முகத்தில் தோன்றும் தயக்கத்தைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது வேறு.

அம்மாவுக்குத் திரையைத் தொடுவதே பெரும்பாடாக இருந்தது. சுவிட்சை அழுத்தியும் எண்வட்டத்தைச் சுழற்றியும் பழகிய விரல் அது. அழுத்தமாகவும் நேரமெடுத்தும்தான் அவர் எதையும் தொடுவார். அரை விநாடிக்கு மேல் விரல் தங்கினாலே கைப்பேசி அதை வேறொரு கட்டளையாக எடுத்துக்கொண்டு, அவர் கேட்காத பட்டியல் ஒன்றை முன்னால் விரித்துவிடும். மெதுவாகத் தொட்டால் அதுவும் வேலை செய்யாது, ஏனென்றால் தோலில் உள்ள மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் இந்தத் திரைகள் விரலை உணர்கின்றன. வயதானவர்களின் வறண்ட விரல் நுனியைப் பல நேரம் அவற்றால் உணர முடிவதில்லை. ரேகை தேய்ந்துபோனதால் விரல் வைத்துத் திறக்கும் பூட்டும் அவருக்குத் திறப்பதில்லை. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அவருக்கு வரவில்லை என்றுதான் நினைத்தேன். "கொடும்மா, நானே பண்றேன்" என்று கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்கி, இரண்டு தட்டில் முடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். உதவி செய்வதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். சில வாரங்களில் அவர் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். அதைக்கூட நான் உடனே கவனிக்கவில்லை. என் மகள்தான் வேறு விதமாகச் செய்தாள். பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள், எவ்வளவு தாமதமானாலும் திரையைத் தொடமாட்டாள். "ஈரத் துணியிலே விரலைத் துடைச்சிட்டுத் தொடுங்க பாட்டி. சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பாக்கற மாதிரி, தொட்டதும் எடுத்துடுங்க" என்று அவள் சொன்ன நாளில் அம்மாவுக்கு அது கைவந்துவிட்டது.

தூரத்தில் இருக்கும் குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தம்பி குடும்பத்தோடு வேறு நாட்டில் இருக்கிறான். அவனுடைய மகள் பிறந்து ஒன்றரை ஆண்டுகள் கழித்தே அம்மா அவளை நேரில் பார்த்தார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. அதற்கு முன்பே, 2016 இல், அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் கழகம் ஒன்றரை வயதுக்குள் திரையைத் தவிர்க்கச் சொன்னபோது, உறவினரோடு பேசும் காணொலி அழைப்புக்கு மட்டும் விலக்கு அளித்தது. அந்த விலக்கு எவ்வளவு பொருள் உள்ளது என்பதைக் குழந்தை எங்கள் வாசலில் வந்து இறங்கிய அன்று பார்த்தேன். நீண்ட பயணத்தின் களைப்பில் யாரிடமும் போகாமல் அழுதுகொண்டிருந்தவள், உள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டதும் அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

இருந்தாலும் எங்கள் காணொலி அழைப்புகளில் ஒரு குறை தீரவே இல்லை. திரையில் தெரியும் கண்ணைப் பார்த்தால், மேலே இருக்கும் கேமராவைப் பார்ப்பதாக ஆகாது. கேமராவைப் பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகம் தெரியாது. எனவே பேசும் இருவரும் எத்தனை ஆண்டுகள் பேசினாலும் ஒருவர் கண்ணை மற்றவர் சந்திப்பதே இல்லை. "அவன் ஏன் என்னைப் பாக்காம கீழேயே பாத்துப் பேசறான்?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். அவன் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறான் என்று விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அப்பா இறந்தபோதுதான் தனியுடைமையான கருவியின் இன்னொரு முகம் எங்களுக்குத் தெரிந்தது. பழைய காலத்தில் ஒரு சுருள் ஃபிலிமில் 36 படம்தான் எடுக்க முடியும். யாரை எடுப்பது, எப்போது எடுப்பது என்று யோசித்து எடுத்து, கழுவிப் பிரதி போட்டு, பின்புறத்தில் தேதியும் பெயரும் எழுதி ஆல்பத்தில் ஒட்டினார்கள். அந்த ஆல்பத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் புரட்டலாம்; பாட்டி மடியில் வைத்துக்கொண்டு "இவங்கதான் உன் கொள்ளுத்தாத்தா" என்று சொல்லும்போது நாங்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்போம். அப்பா தன் கடைசிப் பத்து ஆண்டுகளில் எடுத்த படங்கள் அவருடைய கைப்பேசிக்குள்ளேயே இருந்தன. ஆறு இலக்க எண் ஒன்றுதான் நடுவில் நின்றது. பிறந்த நாட்களையும் வீட்டு எண்ணையும் முயன்றோம். ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்க வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போனது. அதற்கு மேல் முயன்றால் உள்ளிருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டோம். அம்மா இன்றும் அதை மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு வைக்கிறார். பூட்டிய திரையில், தோட்டத்தில் அப்பா எடுத்த ஒரு செம்பருத்திப் பூவும் மணியும் தேதியும் தெரியும். அவ்வளவுதான்.

நீண்ட காலம் பயன்படுத்தாமல் இருக்கும் கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியைக் கூகுள் 2013 இலேயே தந்திருக்கிறது. ஆப்பிள் கருவிகளில் தமக்குப் பின் உரியவரைப் பதிந்துவைக்கும் ஏற்பாடு 2021 இறுதியில் வந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது இவை எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவரிடம் போய் அதைக் கேட்டிருப்போமா என்பது வேறு கேள்வி. இப்போது நாங்கள் மூவரும் எங்கள் கைப்பேசிப் பூட்டைத் திறக்கும் எண்களை ஒரு நோட்டில் எழுதி, பழைய பத்திரங்கள் இருக்கும் அதே அலமாரியில் வைத்திருக்கிறோம். இதைப் படிப்பவர்கள் இன்றே இதைச் செய்துவிட வேண்டும் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன முதல் மாதத்தில், அம்மா தினமும் விடியற்காலையில் கைப்பேசியை எடுத்துச் சிறிது நேரம் பார்த்துவிட்டு வைப்பதைக் கவனித்தேன். வாட்ஸ்அப்பில் பேத்தியின் பெயருக்குக் கீழே தெரியும், அவள் கடைசியாக வந்துபோன நேரத்தைத்தான் பார்க்கிறார். மணி ஐந்தரை என்று இருந்தால் எழுந்துவிட்டாள், நலமாக இருக்கிறாள். இரவு இரண்டரை என்று இருந்தால் தூக்கம் கெட்டிருக்கிறது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அவளைத் தொந்தரவும் செய்யாமல், கூடத்தில் இருந்தபடி கேட்டுத் தெரிந்துகொண்ட பழைய வழக்கத்தை அம்மா இந்தப் புதிய கருவிக்குள்ளும் கண்டுபிடித்துவிட்டார். சில வாரங்களில் மகள் யாரோ ஒரு தோழியின் தொல்லை தாங்காமல் அந்த நேரம் யாருக்கும் தெரியாதபடி மாற்றிவிட்டாள். அம்மா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, "அவ நல்லா இருக்காளா?" என்று என்னிடம் கேட்டபோதுதான் காரணம் புரிந்தது. மகளிடம் சொன்னேன். அவள் அமைப்பைத் திரும்ப மாற்றவில்லை, மாற்றச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் பாட்டிக்கு ஒரு குரல் செய்தி வருகிறது. சில நாட்களில் அதில் கொட்டாவியைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை.

விடுமுறைக்கு அவள் வந்திருக்கும்போது, முன்பு போல அம்மா அவள் கைப்பேசியை எடுத்துப் பேசுவதில்லை. ஒலித்தால் திரையில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பார். பிறகு, தவறிக்கூட எங்கும் விரல் பட்டுவிடக் கூடாது என்று ஓரங்களை மட்டும் பிடித்து, இரண்டு கைகளிலும் ஏந்தியபடி அறை அறையாகப் பேத்தியைத் தேடிக்கொண்டு போவார். போன வாரமும் அப்படித்தான் கொண்டுபோய் நீட்டினார். நீட்டும்போதே, "இது யாரு, இந்தப் பேரை நான் கேட்டதே இல்லையே?" என்றார். மகள் வாங்குவதற்குக் கை நீட்டியவள், வாங்காமல், அந்தப் பெண் எந்த ஊர், தன்னோடு எப்படிப் பழக்கம், ஒருநாள் இரவு தனக்குக் காய்ச்சல் வந்தபோது விடிய விடிய அவள் எப்படிக் கூட இருந்தாள் என்று சொல்லத் தொடங்கினாள். பாட்டியின் கைகளில் அது ஒலித்து ஒலித்து ஓய்ந்துவிட்டது.